வீட்டில் கார்டு இல்லாத ஒரே ஆள்

எங்கள் வீட்டில் காப்புறுதி இல்லாத பொருள் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காருக்கு உண்டு. என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிளுக்கு உண்டு. பெர்மாஸ் ஜெயாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நெருப்புப் பிடித்தால் ஒன்று, திருட்டுப் போனால் ஒன்று என்று தனித்தனியாக உண்டு. கடைக்காரர் வற்புறுத்தியதால் புது வாஷிங் மெஷினுக்குக்கூட ஏதோ ஒன்று எடுத்தோம். ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவைக் காப்புறுதி நிறுவனமே கட்டிவிடும் மெடிக்கல் கார்டு கணவருக்கு உண்டு, மகனுக்கு உண்டு, மகளுக்கு உண்டு. வாஷிங் மெஷினில் துணி போட்டு எடுக்கிற எனக்கு மட்டும் எதுவும் கிடையாது.

கார்டு விற்க வந்தவர் வேற்று ஆள் அல்ல, என் கணவரோடு கோயில் கமிட்டியில் இருப்பவர். எங்கள் பக்கம் காப்புறுதி முகவர்களை அலுவலகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கையில் சர்க்கரைப் பொங்கலோடு நிற்கும்போது அவர்களே வந்து நம் தோளில் கை போடுவார்கள். அப்படித் தோளில் கை போட்டவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சோபாவில் உட்கார்ந்து மாரடைப்பு, சிறுநீரகம், புற்றுநோய் என்று வரிசையாகப் படம் காட்டினார். நான் வடை சுட்டு வைத்தேன். எந்த நோய்க்கு என்னென்ன வசதி என்று அவர் வடையைக் கடித்தபடி சொன்ன அழகில், ஒன்றிரண்டு வந்துதான் போகட்டுமே என்று தோன்றியது.

நான்கு பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது மாதக் கட்டணம் கொஞ்சம் உறுத்தியது. யாரையாவது இறக்கிவிட வேண்டும். குடும்பத்தில் யாரை இறக்குவார்கள் என்று கேட்கவா வேண்டும்?

"அவளுக்கு எதுக்கு தம்பி, அவ தும்மக்கூட மாட்டா" என்றார் என் கணவர்.

அக்கா வீட்டிலேயே இருப்பவர்தானே, அவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று முகவரும் ஆமோதித்தார். நான் கோயில் பாலர் பள்ளியில் வருடக்கணக்காக வேலை பார்ப்பவள். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் தினமும் என் முகத்துக்கு நேராகவே தும்முவார்கள், என் சேலைத் தலைப்பிலேயே மூக்கைத் துடைப்பார்கள். அதெல்லாம் வீட்டில் இருப்பதில் சேர்த்தி போலிருக்கிறது.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் கார்டு என்பது ஒரு கௌரவம் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவியதும் பேசுவது இதைத்தான். உன்னுடைய கார்டில் தனி அறை உண்டா, என்னுடையதில் துணைக்கு இருப்பவருக்கும் சாப்பாடு உண்டு, கட்டணத்தை மறுபடியும் ஏற்றிவிட்டான் பார்த்தாயா. ஏற்றிவிட்டான் என்று சொல்லும்போதுகூட ஒரு பெருமை இருக்கும். யாராவது அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததாகச் சொன்னால், ஐயோ பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். நோய்க்காக அல்ல, இடத்துக்காக.

போன வருடம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. கணவரிடம் சொன்னேன். அது கொழுப்பாகத்தான் இருக்கும், தன் முதுகிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். எதற்கும் அரசாங்கக் கிளினிக்கில் காட்டிவிடு, அங்கே ஒரு குறையும் இல்லை, நல்ல நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார். தனக்குத் தலைவலி வந்தால்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு அன்று அரசாங்கத்தின் மீது வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே.

கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்து ஜோகூர் பாருவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பத்து மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்குப் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஏழு மணிக்குப் போனால், ஆறு மணிக்கே வந்தவர்கள் நம்மைச் சோம்பேறி என்பது போலப் பார்ப்பார்கள். நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், சுவர்த் தொலைக்காட்சியில் யாரோ சத்தமே இல்லாமல் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். மீன் வெந்து, பரிமாறி, தின்று முடித்த பிறகும் நம் நம்பர் வராது. நாற்காலி போதாது, மின்விசிறி போதாது, டாக்டர்களும் போதாது. கை தேர்ந்த டாக்டர்களெல்லாம் எங்கே என்று கேட்டால், தனியார் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். இங்கே இத்தனை வருடம் வரிசையில் நின்றவர்களின் உடம்பில் பழகிய கையை, அங்கே கார்டுக்காரர்கள் அனுபவிக்கிறார்கள்.

குறை சொல்வதோடு நிறுத்தினால் வாய் புண்ணாகும். என் கட்டியைத் தொட்டுப் பார்த்த இளம் மலாய்ப் பெண் டாக்டர், குளிர்சாதன அறையில் சில்லிட்டிருந்த தன் கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். ஊசியால் சதை எடுக்கும்போது என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். முடிவு தெரிந்துகொள்ள ஒரு திங்கட்கிழமை காலை வரச் சொன்னார். கூட வருவதற்காக என் கணவர் லீவும் போட்டுவிட்டார்.

லீவு வீண் போகவில்லை. அதற்கு முந்தின நாள் மாசாயில் ஒரு கல்யாணம். ஆட்டுப் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், மாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் உண்மையிலேயே பயந்துபோனேன். இந்த மனிதர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று கார் ஓட்டும்போதே அழுதேன். வழியில்தான் அரசாங்க ஆஸ்பத்திரி. உள்ளே திருப்பட்டுமா என்று கேட்டேன். பேசவே முடியாமல் கிடந்தவர் தலையை மட்டும் பலமாக ஆட்டி, நேராகப் போ என்று கை காட்டினார். இத்தனை வருடம் கட்டிய கார்டை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் சாவதா என்ற எண்ணமாக இருக்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே காப்பி வாசனை. அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் நம்பர் என்ன என்று கேட்பார்கள், இங்கே கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். உடம்புக்கு என்ன என்பதை இரண்டு இடத்திலுமே இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள். நெஞ்சைப் பிடித்திருந்த கையை எடுத்து என் கணவர் பர்ஸிலிருந்து கார்டை உருவினார். அப்போது அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

இருதயம் நன்றாக இருந்தது. வயிற்றில் காற்று, அவ்வளவுதான். ஆனால் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கார்டு செல்லாதாம். கட்டிலில் படுத்தால்தான் செல்லுமாம். அதனால் படுத்தார். மறுநாள் காலை வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். தலையும் லேசாக வலிக்கிறது என்று இவர் சொல்லித் தொலைக்க, தலையையும் படம் எடுத்தார்கள். தலைக்குள் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு அது புதிய செய்தி அல்ல.

தனி அறை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொலைக்காட்சி. மறுநாள் என்ன சாப்பாடு வேண்டும் என்று தாதி ஒரு அட்டையை நீட்ட, வயிற்று நோயாளி தோசையா ரொட்டியா என்று தீவிரமாக யோசித்தார். பிறகு மருந்து ஏறும் கையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நலம் விசாரிப்புகள் கொட்டின. எந்த அறை, எத்தனாவது மாடி என்றும் கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, நான் போக வேண்டுமே என்று நினைவுபடுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், கையில் ஏறும் மருந்தைப் பார்த்தார்.

"வெறும் ரிசல்ட்டுதானே மா. நீயே போய் வாங்கிட்டு வந்திரு. எனக்கு ஒன்பது மணிக்கு ஸ்கோப் இருக்கு" என்றார்.

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. காருக்கு நடந்து போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

மீன் பொரிப்பவர் அன்று கோழி பொரித்துக்கொண்டிருந்தார். நம்பர் வந்தது. அதே டாக்டர்தான். நான் உட்கார்ந்ததும், யாரோடு வந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். தனியாக வந்தேன் என்றேன். கணவர் எங்கே என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. மிகவும் முடியாமல் இருக்கிறாரா என்று மெல்லக் கேட்டார்.

வயிற்றில் காற்று என்றேன்.

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அது புற்றுநோய்தான் என்று சொன்னார். ஆரம்பக் கட்டம், பரவியிருப்பதாகத் தெரியவில்லை, சீக்கிரம் அறுவை செய்தால் நல்லது என்றார். சீக்கிரம் என்றால் எப்போது என்றேன். வழக்கமாகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரம் ஒரு நோயாளி வர முடியாமல் போனதால் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. அன்று மதியம் இரண்டு மணிக்கு சர்ஜனைப் பார்த்தால் அந்த இடத்தை எனக்கே கேட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. குடும்பத்தில் ஒருவர் கூட வர வேண்டும். தனியாக வந்து தலையாட்டிவிட்டுப் போகும் பெண்களை, வீட்டில் இருப்பவர்கள் கஷாயம், தண்ணீர் மந்திரித்தல் என்று இழுத்துக்கொண்டு போய், ஒரு வருடம் கழித்துக் கட்டி வெடித்த பிறகு கொண்டுவருகிறார்களாம். பார்த்துப் பார்த்து அந்த சர்ஜனுக்கு வெறுத்துவிட்டது. குடும்பத்தார் முகத்தைப் பார்க்காமல் அவர் தேதி கொடுப்பதில்லையாம்.

மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான், மகள் பினாங்கில் படிக்கிறாள். இரண்டு மணிக்குள் வரக்கூடிய குடும்பம் எனக்கு ஒருவர்தான், அவருக்கும் வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பிப் போனபோது அறையில் கூட்டமாக இருந்தது. கூட்டம் என்றால் இரண்டு பேர், ஆனால் இரண்டு பேரும் கூட்டத்துக்குச் சமம். ஒருவர் நம் முகவர். பெரிய பழக்கூடையோடு வந்து, தன் கார்டு இப்படிக் கை கொடுத்ததற்குச் சாட்சியாக நோயாளியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். தம்பியின் கட்டிலையும் திரைச்சீலையையும் தடவிப் பார்த்து, அறை நல்லா வசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் கார்டுப் பேச்சு நடக்கும்போது ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசும் பெண்மணி அவர் ஒருவர்தான். ஸ்கோப் முடிந்துவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று மூவரும் சேர்ந்து எனக்குத் தெரிவித்தார்கள்.

நான் உட்காராமலே சொன்னேன். புற்றுநோய் என்றேன். இரண்டு மணிக்குக் கூட ஒரு ஆள் வர வேண்டும் என்றேன்.

என் கணவரின் முகம் வெளிறிப்போனதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். கட்டிலிலிருந்து இறங்கியவர் முகவரின் பக்கம் திரும்பி, இவளுக்கு இன்றைக்கே ஒரு கார்டு எடுக்க முடியுமா என்று கேட்டார். முகவர் பழக்கூடையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"வந்த பெறகு எடுக்க முடியாதுண்ணே. வரதுக்கு முன்னாடிதான் எடுக்கணும்."

படம் காட்டிய அன்று இதை அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். அன்று கேட்க இனிமையாக இருந்தது.

என் கணவர் மணியை அழுத்தித் தாதியைக் கூப்பிட்டு, உடனே கிளம்ப வேண்டும் என்றார். தாராளமாகக் கிளம்பலாம், காப்புறுதி நிறுவனத்திலிருந்து கடைசி ஒப்புதல் கடிதம் வந்ததும் கிளம்பலாம் என்றாள் அவள். கடிதம் எப்போது வரும் என்றதற்கு, சில நாள் சீக்கிரம் வரும், சில நாள் சாயங்காலம் ஆகும் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். இப்போதே போக வேண்டுமென்றால் சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு நீங்களே அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். இப்படித்தான் இருக்கிறது அந்தக் கார்டின் சாமர்த்தியம். உள்ளே விடும்போது கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது, வெளியே விட மட்டும் யோசிக்கிறது.

எங்களிடம் அந்தப் பணம் இல்லாமல் இல்லை. மகளின் படிப்புக்கு வைத்திருந்தது இருந்தது. அவர் தாதியைப் பார்த்தார், முகவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறு மா. இப்ப வந்திரும். இத்தனை வருசமா கட்டியிருக்கேன்ல."

என் கல்யாண வாழ்க்கையில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அன்று சண்டை போட வாய் வரவில்லை. சுவரில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அந்த அறையில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்று தோன்றியது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பையை எடுத்தேன்.

"இரு, நான் வரேன்" என்று நாத்தனார் எழுந்தார்.

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா காதில் வாங்கவில்லை. எனக்கு நிம்மதியாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பெண்மணியை அழைத்துக்கொண்டு போய், நாற்காலி அழுக்கு, கக்கூஸ் நாற்றம் என்று அவர் புலம்புவதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமா என்று நினைத்தபடி காரை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வழக்கம் போலக் கார்கள் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் அந்த வரிசையில் நுழையப் போனேன்.

"உள்ள போவாத, இடம் இருக்காது. அந்தச் சூராவு பின்னாடி ஒரு சந்து இருக்கு, அங்க திருப்பு" என்றார்.

தொழுகை நடக்கும் அந்தச் சின்னக் கட்டடத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சந்து இருந்தது, நிழலில் இடமும் இருந்தது. நான் பிரதான லிஃப்டுக்குப் போனபோது என் கையைப் பிடித்து இழுத்தார். அது கட்டில் ஏற்றுகிற லிஃப்ட், வரவே வராது, வா என்று படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். மேலே போனதும் யாரையும் கேட்காமல் இடது பக்கம் திரும்பி, சரியான கவுண்டரில் போய் நின்றார். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஆன்ட்டி, இன்றைக்கு இருதயக் கிளினிக் இல்லையே, நாள் மாறி வந்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

"இன்னிக்கு எனக்கு இல்ல, இவளுக்கு" என்று நாத்தனார் தன் அரைகுறை மலாயில் சொன்னார்.

என்ன ஏது என்று கேட்க எனக்கு நேரம் இல்லை, உடனே கூப்பிட்டுவிட்டார்கள். சர்ஜன் வயதான சீனர். படம் வரைந்து எங்கே வெட்டுவேன், எவ்வளவு எடுப்பேன் என்று காட்டினார். காட்டியது எனக்கு, பார்த்ததெல்லாம் நாத்தனாரை. இவரைக் கட்டாயம் கொண்டுவருவீர்களா, வேறு எங்கும் கொண்டுபோய்விட மாட்டீர்களே என்று இரண்டு முறை கேட்டார். நாத்தனார் இரண்டு முறையும், நானே கூட்டிக்கொண்டு வருவேன் என்றார். அடுத்த வார இடம் எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்து உட்கார்ந்தோம். என் கைப்பேசி அடித்தது. கடிதம் வந்துவிட்டதாம், டாக்சியில் கிளம்பிவிட்டாராம், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று என் கணவர் பதற்றமாகக் கேட்டார். நாத்தனார் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, எல்லாரும் கேட்டுக் கேட்டுத்தான் வருகிறார்கள், நீயும் கேட்டு வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சொன்னார். தன் இருதயத்தில் வால்வு சரியில்லையாம். குளுவாங் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே எழுதிக் கொடுத்து மூன்று வருடமாகிறதாம். சில மாதங்களுக்கு ஒரு முறை விடியற்காலை பஸ் ஏறி வந்து, பார்த்துவிட்டு, மத்தியானமே திரும்பிவிடுவாராம். எங்களில் யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லவில்லை அண்ணி என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரருக்குக் கார்டு இருக்கு, பசங்களுக்கு இருக்கு, எனக்கு இல்லன்னா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாக நான் அவரைக் கார்டுப் பெருமைக்காரி என்றே நினைத்திருந்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. தன் அடுத்த கிளினிக் எந்தக் கிழமை என்று சொல்லி, உனக்கும் அதே கிழமையில் கேட்டுப் பார்ப்போம் என்றார்.

"இவ்ளோ நாளு தனியா வந்து தனியா போனேன். இனிமே ரெண்டு பேரா வரலாம்."